வாயிலே தேவதை! வயிற்றிலே ஈரத் துணி!

ஆண்டுதோறும் மே மாதம் 12-ந் தேதி வருகிறது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். அன்றைக்கு மந்திரிகளுக்கும், ஆஸ்பத்திரி முதலாளிகளுக்கும், பொன்னாடை போர்த்திக்கொண்டு மேடையேறும் கனவான்களுக்கும் திடீரென்று நர்சுகளின் ஞாபகம் வந்துவிடுகிறது. “வெண்ணிற தேவதைகள்” என்கிறார்கள். “கருணையின் வடிவம்” என்கிறார்கள். “இது தொழில் அல்ல, தொண்டு” என்கிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றிப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். மறுநாள் 13-ந் தேதி. அதே தேவதை தன் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டு வாடகையையும் பஸ் சார்ஜையும் கழித்தால் மிச்சம் என்ன என்று கணக்குப் போடுகிறாள்.

தேவதை என்றால் பசிக்காது என்று இவர்களுக்கு யார் சொன்னது?

2020-ஆம் வருஷத்தை நாம் மறக்கவில்லை. கொரோனா வந்தபோது தட்டைத் தட்டச் சொன்னார்கள், தட்டினோம். மே 3-ந் தேதி ராணுவ ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மீது பூமாரி பொழிந்தன. அதே வருஷத்தில், ஆள் போதவில்லை என்று தமிழ்நாட்டில் அவசர அவசரமாக ஆயிரக்கணக்கான நர்சுகளை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். பெற்ற தாயைத் தொடுவதற்கே பிள்ளை பயந்த காலத்தில், முகம் தெரியாத நோயாளியின் அருகில் நின்றவர்கள் இவர்கள். காற்றுப் புகாத கவச உடைக்குள் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றவர்கள். 2022 டிசம்பர் 31-ந் தேதி வந்தது. “உங்கள் ஒப்பந்தம் முடிந்தது, போகலாம்” என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பினார்கள். புத்தாண்டுப் பரிசு! பூமாரி பொழிய ஹெலிகாப்டருக்கு எண்ணெய் இருந்தது; நர்சுக்குச் சம்பளம் கொடுக்க நிதி இல்லை. கிளம்பிய எதிர்ப்பைக் கண்டபின், மாவட்ட சுகாதாரச் சங்கங்களின் கீழ் வேறு ஒப்பந்த வேலை தருகிறோம் என்றார்கள். அதாவது ஒரு கயிற்றை அவிழ்த்து இன்னொரு கயிற்றில் கட்டுகிறோம் என்றார்கள்.

மில் தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இது நமக்குப் பழகிய வித்தை. மில் வாசலில் பதிலியாக நின்றவனுக்குத் தெரியும். வேலை நிரந்தரம், எந்திரம் நிரந்தரம், லாபம் நிரந்தரம். ஆள் மட்டும் தற்காலிகம். ஆஸ்பத்திரியிலும் கட்டில் நிரந்தரம், நோய் நிரந்தரம். நர்சு மட்டும் பதிலி!

7,700 ரூபாய்க் கதை

2015-ல் தமிழ்நாடு சர்க்கார் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 7,243 நர்சு இடங்களுக்குப் பரீட்சை வைத்தது. பரீட்சை எழுதி, மார்க்கு வாங்கி, இடஒதுக்கீட்டு முறைப்படி தேர்வாகி, சான்றிதழ்களைக் காட்டித்தான் அந்தப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். யாரும் கொல்லைப்புற வழியாக வரவில்லை. ஆனால் அவர்களுக்கு நிர்ணயித்த சம்பளம் என்ன? மாதம் 7,700 ரூபாய்! நாளொன்றுக்கு 257 ரூபாய்க்கும் குறைவு. அந்த வருஷத்தில் சாந்துச் சட்டி தூக்கிய சித்தாளுக்கே பல ஊர்களில் இதைவிடக் கூடுதல் கூலி. சித்தாளின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அவளுக்கும் அந்தக் கூலி போதாது. மூன்று வருஷம், நாலு வருஷம் படிக்க வைத்து, உயிரைக் காக்கும் பொறுப்பையும் தலையில் ஏற்றி, அதற்குக் கொடுக்கும் விலை இதுதானா என்று கேட்கிறோம்.

இரண்டு வருஷம் பொறுங்கள், நிரந்தரம் செய்துவிடுகிறோம் என்று வாக்குறுதி. இரண்டு வருஷம் ஓடியது. நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் 27-ந் தேதி மாநிலத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் நர்சுகள் சென்னைக்கு வந்து, தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. உடனே பெரிய மனிதர்களுக்கெல்லாம் நோயாளிகளின் மேல் கருணை பொங்கிவிட்டது! “நோயாளியை விட்டுவிட்டுப் போராடலாமா?” என்று கேட்டார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. வேலைக்குத் திரும்பும்படி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. நர்சுகள் திரும்பினார்கள்.

ஆனால் பாருங்கள், 2018-ல் அந்த 7,700 ரூபாய் 14,000 ஆயிற்று. பிற்பாடு 18,000 ஆயிற்று. எந்தத் தேவதை வந்து கொடுத்தது? அந்தத் திறந்த வெளியில் உட்கார்ந்த மூன்று நாட்கள்தான் கொடுத்தன. அப்படியும், அதே வார்டில், அதே ஊசியை, அதே நோயாளிக்குப் போடும் நிரந்தர நர்சு வாங்குவதில் பாதி கூடத் தேறவில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியல் சட்டப் புத்தகத்தில் படிக்க நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகும் இந்த நர்சுகள் ஒரு தடவையல்ல, பல தடவை தெருவுக்கு வரவேண்டியிருந்தது.

நாலு தறியும் எட்டு நோயாளியும்

“நர்சு வேலைநிறுத்தம் செய்தால் நோயாளி செத்துப்போவான்” என்கிற வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

ஜவுளி ஆலைகளில் 1950-களில் ‘சீரமைப்பு’ என்ற பெயரில் என்ன செய்தார்கள்? இரண்டு தறி பார்த்த தொழிலாளியை நாலு தறி பார்க்கச் சொன்னார்கள். ஒரு பக்கக் கதிர்களைக் கவனித்தவனை இரண்டு பக்கம் ஓடச் சொன்னார்கள். ஆட்குறைப்பு ஒரு பக்கம், வேலைச்சுமை மறு பக்கம். தொழிலாளி எதிர்த்தான். “ஓடி ஓடி எத்தனை இழையை முடிவது?” என்று கேட்டான். ஆஸ்பத்திரியிலும் இதே சீரமைப்புதான் நடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். ஆலையில் இழை அறுந்தால் முடிந்துகொள்ளலாம். மூச்சு அறுந்தால் முடிய முடியாது.

இது வெறும் பேச்சு அல்ல, கணக்கு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளை லிண்டா எய்கன் என்ற நர்சிங் பேராசிரியையும் அவரது சகாக்களும் ஆராய்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷன் ஆன நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு நர்சு பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், முப்பது நாளுக்குள் நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நர்சுக்கு நாலு நோயாளி என்பது எட்டானால் 31 சதவீதம் கூடுகிறது! 2014-ல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில், 300 ஆஸ்பத்திரிகளில், நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்தபோதும் அதே 7 சதவீதம்தான் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. பட்டப்படிப்புப் படித்த நர்சுகளின் பங்கு நூற்றுக்குப் பத்து கூடினால், இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது. நர்சின் எண்ணிக்கையும் படிப்பும் நோயாளியின் ஆயுள் கணக்கோடு பின்னிக் கிடக்கின்றன என்பதுதான் இதன் அர்த்தம்.

நம் நாட்டில் என்ன விதி? போதனை ஆஸ்பத்திரியின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்சு, மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்சு, தீவிர சிகிச்சையில் ஒரு கட்டிலுக்கு ஒரு நர்சு என்று இந்திய நர்சிங் கவுன்சில் எழுதி வைத்திருக்கிறது. எழுதியது காகிதத்தில். நம் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் போய் நின்று பாருங்கள். கட்டிலில் எத்தனை பேர், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து எத்தனை பேர், அத்தனை பேருக்கும் எத்தனை நர்சு என்று எண்ணிப் பாருங்கள். அங்கே நோயாளியை ஆபத்தில் தள்ளுவது எது? மூன்று நாள் போராட்டமா, முன்னூற்று அறுபத்தைந்து நாளும் காலியாகக் கிடக்கும் வேலை இடங்களா?

கலிபோர்னியாவில் நர்சுகளின் சங்கம் பல வருஷம் போராடி 1999-ல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. 2004 முதல் அமல். ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே வரம்பு கட்டியது. தீவிர சிகிச்சையில் இரண்டு, பொது வார்டில் முதலில் ஆறு, பிறகு ஐந்து. ஆஸ்பத்திரி முதலாளிகள் வானம் இடிந்து விழுந்துவிடும் என்றார்கள். அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்த சினிமா நடிகர் ஸ்வார்ஸ்நெக்கர் அந்த ஐந்தைத் தள்ளிப்போடப் பார்த்தார். அவர் போகும் கூட்டங்களுக்கெல்லாம் நர்சுகள் தொடர்ந்து போய் நின்றார்கள். கடைசியில் பின்வாங்கியவர் அவர்தான். சினிமாவில் தனியாளாக நின்று பட்டாளத்தையே வீழ்த்துகிறவர்!

கையாள் அல்ல

நர்சு என்றால் டாக்டர் சொன்னதைச் செய்யும் கையாள் என்று பலர் நினைக்கிறார்கள். நம் தோழர்கள் சிலரும் அப்படி நினைப்பதுண்டு. அந்த நினைப்பு முதலாளிக்குத்தான் லாபம். கையாளுக்குக் கைக்கூலி போதுமே!

நர்சு செய்வது என்ன? நாலு மணி நேரத்தில் 500 மில்லி குளுக்கோஸ் ஏற வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போகிறார். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு விழும் குழாய் என்றால், நிமிஷத்துக்குச் சுமார் 42 சொட்டு. இந்தக் கணக்கைப் போடுவது நர்சு. பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு மருந்து; தண்ணீரில் கலந்து மெதுவாக ஏற்றினால் உயிரைக் காக்கும், அப்படியே ரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதை அறிந்து வைத்திருப்பது நர்சு. டாக்டர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வருகிறார். நடுவில் உள்ள நேரமெல்லாம் நாடித்துடிப்பு ஏறுகிறதா, மூச்சு வேகமாகிறதா, மூத்திரம் குறைகிறதா, நோயாளி சம்பந்தமில்லாமல் பேசுகிறானா என்று பார்த்து, கிருமி ரத்தத்தில் பரவுகிறது என்பதை முதலில் மோப்பம் பிடிப்பது நர்சுதான். அவள் அரை மணி முன்னால் கண்டுகொண்டால் ஒரு குடும்பம் பிழைக்கும். தலைக்கு முப்பது நோயாளி என்றால் அவள் எப்படிக் கண்டுகொள்வாள்?

விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தெரிந்த உதாரணம் பிரசவம். பிள்ளை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் கர்ப்பப்பை சுருங்குவதற்கான ஊசி போட வேண்டும். அடுத்த இரண்டு மணி நேரம் உதிரப்போக்கைக் கவனிக்க வேண்டும். அரை லிட்டரைத் தாண்டினால் ஆபத்து. தாய் சாவுக்கு முதல் காரணமே இந்த உதிரப்போக்குதான். தமிழ்நாட்டில் 2004-06-ல் லட்சம் பிரசவத்துக்கு 111 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆகக் குறைந்தது. அப்போது இந்தியா முழுமைக்கும் 97. இந்தக் கணக்கைக் காட்டி ஆட்சிக்கு வந்த ஒவ்வொருவரும் மார்தட்டிக்கொண்டார்கள். இந்தச் சாதனை எங்கிருந்து வந்தது? ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளை வைத்து, இரவும் பகலும் மாறி மாறி முறைவேலை பார்க்க வைத்தார்கள். நடு ராத்திரி கதவைத் தட்டினால் திறக்க ஓர் ஆள் இருந்தது. அதனால் வந்தது. அந்த ஆட்களில் எத்தனையோ பேர் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். பெருமை மந்திரிக்கு, பதிலி வேலை நர்சுக்கு!

கிராம சுகாதார நர்சின் கதை இன்னும் மோசம். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப் பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது விதி. அந்த ஐயாயிரம் பேருக்கும் அவள் ஒருத்தி. அவளைப் பயிற்றுவித்தது முதலில் பிரசவம் பார்க்க. 1973-ல் கர்த்தார் சிங் கமிட்டி வந்து அவளைப் ‘பலநோக்கு’ ஊழியர் ஆக்கியது. அவசர நிலைக் காலத்தில் கருத்தடைக்கு ஆள் பிடித்துக் கணக்குக் காட்டு என்று நாடெங்கும் இவர்களைப் போன்ற ஊழியர்களை விரட்டினார்கள். இலக்கு முறையை ரத்துச் செய்தது 1996-ல்தான். இப்போது கம்ப்யூட்டரில் பதிவு, நோட்டில் பதிவு, மறுபடியும் போனில் பதிவு. கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் நேரத்தைவிடப் பதிவேட்டைத் தொடும் நேரம் அதிகம். பலநோக்கு என்றால் பல எஜமானர் என்றுதான் அர்த்தமா?

2018 முதல், நர்சிங் படித்தவர்களுக்கு ஆறு மாதக் கூடுதல் பயிற்சி கொடுத்துத் துணை நிலையங்களில் சமுதாய சுகாதார அதிகாரி என்று வைக்கிறார்கள். பெயரில் அதிகாரி, வேலையில் ஒப்பந்தம். 2019-ல் தேசிய மருத்துவக் கமிஷன் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்கு வரம்புக்குட்பட்ட மருத்துவ அனுமதி கொடுக்கலாம் என்றபோது டாக்டர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. நம் கருத்து என்ன? ஏழைக்கு நர்சு, பணக்காரனுக்கு டாக்டர் என்று இரண்டு தராசு வைப்பதை நாம் ஏற்கமாட்டோம். நம் கிராமத்துக்கும் டாக்டர் வேண்டும். ஆனால் டாக்டர் வரும்வரை ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க, பிரசவத்தைத் தானே பொறுப்பேற்றுப் பார்க்க, படித்த நர்சுக்குத் தகுதி கிடையாது என்று சொல்வதும் அகம்பாவம்தான். கல்வி கொடு, அதிகாரம் கொடு, அதற்கேற்ற சம்பளம் கொடு. பொறுப்பை மட்டும் கொடுத்து மற்ற இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்வது என்ன தர்மம்?

விளக்கை மட்டும் காட்டுகிறார்கள்

நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் விளக்கோடு நிற்கும் படத்தை மட்டுமே நமக்குக் காட்டுகிறார்கள். அவர் கையில் இருந்த பேனாவை மறைத்துவிடுகிறார்கள். கிரிமியா யுத்தத்தில், ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரியில், 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். சாக்கடையைச் சரிசெய்து, தண்ணீரைச் சுத்தம் செய்து, காற்றோட்டம் ஏற்படுத்திய பிறகு ஜூன் மாதத்தில் அது நூற்றுக்கு 2 என்று ஆயிற்று. சிப்பாய்களில் பெரும்பாலோர் குண்டடியால் சாகவில்லை, சர்க்காரின் அலட்சியத்தால் செத்தார்கள் என்பதை 1858-ல் புள்ளிவிவரத்தோடு வரைபடம் போட்டு நிரூபித்தவர் அவர். கணக்குப் போட்டு சர்க்காரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பெண்! அந்த நைட்டிங்கேலை மே 12-ந் தேதி மேடையில் எந்த மந்திரியாவது புகழ்ந்ததுண்டா? (அவர் சீமான் வீட்டுப் பெண், நர்சுகளுக்குச் சட்டப்படியான பதிவு வேண்டும் என்று பிரிட்டனில் இயக்கம் எழுந்தபோது அதை எதிர்த்தார். அந்தச் சட்டம் அவர் மறைந்த பிறகு, 1919-ல்தான் வந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.)

சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பள்ளி தொடங்கியது 1871-ல். வேலூரில் ஐடா ஸ்கட்டர் நர்சிங் பள்ளி தொடங்கியது 1909-ல்; அங்கும் டில்லியிலும் பட்டப்படிப்பு வந்தது 1946-ல். சென்னை ராஜதானியில் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது 1926-ல். ஆனாலும் நம் சமூகம் இந்தத் தொழிலுக்கு மதிப்புக் கொடுத்ததா? ரத்தம், சலம், மலம் தொடும் வேலை, ஆகவே தீட்டு என்றது. கிராமத்தில் பிரசவம் பார்த்தவள் யார்? நாவிதர் குலத்து மருத்துவச்சி. அவள் கைபடாமல் பிறந்த மிராசுதார் வீட்டுப் பிள்ளை கிடையாது. ஆனால் வேலை முடிந்ததும் அவளுக்குத் திண்ணைக்கு மேல் இடம் கிடையாது. ஒரு மரக்கால் நெல்லோடு சரி. பெண் செய்யும் வேலை, அதிலும் தீட்டான வேலை என்ற அந்தப் பழைய கணக்குதான் இன்றைக்கும் நர்சின் சம்பளத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. 1946-ல் போர் கமிட்டி அறிக்கை வந்தபோது, இந்த நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்சுதான் இருந்தாள். ஆள் ஏன் வரவில்லை என்று கேட்டால் இதுதான் பதில்.

இப்போது ஆள் வருகிறார்கள். வருகிறவர்களை என்ன செய்கிறார்கள்? அங்கேதான் கல்வி வியாபாரிகள் கடை விரித்திருக்கிறார்கள். நர்சிங் என்பது கட்டிலோரத்தில் கற்க வேண்டிய படிப்பு. ஆஸ்பத்திரியே இல்லாத கல்லூரியில் எதைக் கற்பது? மத்தியப் பிரதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் அங்கீகாரம் மட்டும் உண்டு. ஐகோர்ட்டு உத்தரவின் பேரில் சி.பி.ஐ. விசாரித்தது. 308 கல்லூரிகளில் 169 மட்டுமே தகுதி உள்ளவை, 73 குறை உள்ளவை, 66 தகுதியே இல்லாதவை என்று 2024-ல் அறிக்கை. சரி, 169-ஆவது தேறியதே என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த செய்தி: 2024 மே மாதத்தில், நல்ல அறிக்கை எழுதிக் கொடுக்க லஞ்சம் வாங்கியதாக விசாரணை செய்த சி.பி.ஐ. இன்ஸ்பெக்டர்களையே சி.பி.ஐ. கைது செய்தது! திருடனைப் பிடிக்கப் போனவனையும் திருடன் என்று பிடித்தார்கள். மறுபடியும் முதலிலிருந்து பரிசோதனை. இடையில் அந்தப் பிள்ளைகளின் பரீட்சை தள்ளிப்போயிற்று, வருஷம் வீணாயிற்று, அப்பன் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஓடிற்று.

ஒழுங்கான ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தில் வேறு அநியாயம். மாணவி என்று பெயர். ஆனால் வார்டில் ஆள் கணக்கில் அவளையும் சேர்த்துவிடுகிறார்கள். பீசும் அவளே கட்டி, வேலையும் அவளே பார்க்கிறாள். படித்து முடித்ததும் பாண்டு. இத்தனை வருஷம் இங்கேயே வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் லட்சக்கணக்கில் பணம் கட்டு, அதுவரை சான்றிதழ் எங்கள் பீரோவில் இருக்கும் என்று சொன்ன நிர்வாகங்கள் எத்தனை! தஞ்சைப் பண்ணையில் கடன் சீட்டில் கைநாட்டு வாங்கிப் பண்ணையாளைக் கட்டிப் போட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று மூன்று வருஷம் விடுதியில் பூட்டி வைத்து, கடைசியில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று நம் பெண்களை ஏமாற்றியதை மில் தோழர்கள் நேரில் பார்த்தவர்கள். அதே பண்ணை, அதே மில். உடுப்பு மட்டும் வெள்ளை.

2011 டிசம்பர் 9-ந் தேதி கல்கத்தாவில் ஆம்ரி ஆஸ்பத்திரி தீப்பிடித்து 90-க்கு மேற்பட்டவர்கள் மூச்சுமுட்டி மாண்டார்கள். நோயாளிகளை ஒவ்வொருவராகத் தூக்கிக் காப்பாற்றி, மறுபடியும் புகைக்குள் போய் உயிர்விட்டவர்கள் கேரளத்திலிருந்து பிழைக்கப் போன இரண்டு நர்சுகள். தொண்டு என்றால் என்ன என்று அவர்களுக்கு எவரும் மேடையேறிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 2011-லேயே தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் சம்பளம் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2016 ஜனவரி 29-ல் கமிட்டி போடும்படி உத்தரவு வந்தது. கமிட்டி சொன்னது இது: 200 கட்டிலுக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி, சர்க்கார் நர்சுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும்; 100-க்கு மேல் என்றால் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது; 50-லிருந்து 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது; 50-க்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. டில்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பெரும்பாலான இடங்களில் அது கடிதமாகவே கிடக்கிறது.

கேரளத்தில் மட்டும் அது கடிதமாகக் கிடக்கவில்லை. ஏன்? 2017-ல் நர்சுகள் அணி அணியாகத் தெருவில் இறங்கினார்கள். ஜூலை 20-ல் 20,000 ரூபாய் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது. முதலாளிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள், தடை வாங்கினார்கள், மாதங்கள் நகர்ந்தன. 2018 ஏப்ரல் 24-ல் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே போகிறோம் என்று நர்சுகள் அறிவித்தார்கள். 23-ந் தேதியே உத்தரவு வெளிவந்துவிட்டது! கால் கிளம்புவதற்கு முன்னாலேயே கையெழுத்து விழுந்தது.

“போதாதென்றால் வெளிநாடு போகலாமே” என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். போகத்தான் போகிறார்கள். 2020-ல் உலகத்தில் 59 லட்சம் நர்சுகள் குறைவு என்றும், எட்டு நர்சுகளில் ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வேலை செய்கிறார் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் ஏழைத் தகப்பன் நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைக்கிறான். விளைந்த கதிரைப் பணக்கார நாடுகள் அறுத்துக்கொண்டு போகின்றன. 2023-ல் டில்லி சர்க்கார் 157 புதிய நர்சிங் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ரூபாய் ஒதுக்கியது. கல்லூரி வரட்டும், சர்க்கார் கல்லூரி என்றால் நல்லதுதான். படித்து வெளிவரும் பெண்ணுக்கு நிரந்தர வேலை இடம் எங்கே? அதற்கு எத்தனை கோடி?

தோழர்களே! இது நர்சுகளின் பிரச்னை, நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? மில் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயை இ.எஸ்.ஐ.-க்குப் பிடிக்கிறார்கள், முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் கட்டுகிறான். அதுவும் நம் உழைப்பில் வந்த பணம்தான். கோவையில் 1955 முதல் இந்தத் திட்டம் நடக்கிறது. நம் காசில் நடக்கும் ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில், ராத்திரி முறைக்கு எத்தனை நர்சு, எத்தனை இடம் காலி, எத்தனை பேர் ஒப்பந்தம் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? மில் சங்கங்கள் எழுத்து மூலம் கேட்கட்டும், பதிலை வாயில் கூட்டத்தில் படிக்கட்டும். கிராமத்தில், மே 1-ல் கிராம சபை கூடுகிறது. விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள், முக்கியமாகப் பெண் தோழர்கள், திரளாகப் போய் உட்காருங்கள். நம் துணை சுகாதார நிலையத்தில் நர்சு இடம் நிரப்பியிருக்கிறதா, அவள் தங்குவதற்கு ஒழுகாத வீடு இருக்கிறதா, தண்ணீரும் கக்கூசும் விளக்கும் இருக்கிறதா, போன வருஷம் எத்தனை மாதம் அந்தக் கதவு பூட்டிக் கிடந்தது என்று கேளுங்கள். தலைவர் தலையைச் சொறிந்தால் விடாதீர்கள். கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருங்கள்.